கதை முடிந்ததும் ‘நீதி என்ன?’ என்று கேட்காதீர்கள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் கதை வாசித்து முடித்த மறுநொடி, “இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?” என்று கேட்பது நம் வகுப்பறைகளை விட்டுப் போகாத பழக்கம். முப்பது பிள்ளைகளும் ராகம் போட்டு, “பொய் சொல்லக் கூடாது மிஸ்” என்பார்கள். கதையே கேட்காத பிள்ளையும் அதைச் சொல்லிவிடும்.

புத்தகத்துக்குப் பஞ்சம் இருந்த காலம் போய்விட்டது. தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாகச் சின்னப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்கே வந்துவிட்டன. வாசித்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் கோளாறு. நீதி கேட்பதற்குப் பதில், கதையை வைத்துப் பிள்ளைகளோடு உணர்வுகளைப் பேசலாம்.

உணர்வுகளைப் பேச எடுக்கும் கதையில் பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி போதும். படத்தில் முகமும் கையும் தெளிவாகத் தெரிய வேண்டும். கடைசிப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் வந்து புத்தி சொல்லிச் சிக்கலைத் தீர்த்துவைக்கும் கதை இதற்கு உதவாது. பிள்ளைகள் யோசிக்க அதில் எதுவும் மிச்சம் இருக்காது. வகுப்புக்குப் போகுமுன் ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்த்து, நிறுத்த வேண்டிய இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகலப் புத்தகம் கடைசி வரிசைக்குத் தெரியாது. தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும், நாம் அதை ‘கவனமின்மை’ என்போம். பதினைந்து பதினைந்து பேராகப் பிரித்து அரைவட்டமாக உட்கார வையுங்கள்.

நிறுத்துமிடத்தில் இரண்டே கேள்வி. “இப்ப இவளுக்கு எப்படி இருக்கும்?” அடுத்தது, “எதை வச்சு சொல்றே?” உயிர் இரண்டாவதில் இருக்கிறது. “கோவமா இருக்கா” என்ற பிள்ளை, “கையை இறுக்கி மூடி வச்சிருக்கா மிஸ்” என்று படத்தைக் காட்டும்போதுதான் அடுத்தவர் உடம்பைப் பார்த்து மனசைப் படிக்கப் பழகுகிறது. கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் நாமே பதிலைச் சொல்லிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. “உனக்கு இப்படி நடந்திருக்கா?” என்று வகுப்பின் நடுவே கேட்கவே கூடாது. கதாபாத்திரத்தின் பின்னால் நின்று பேசும்வரைதான் பிள்ளைக்குத் தைரியம்.

சுவரில் நான்கு ஸ்மைலி ஒட்டி மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம் என்று எழுதிவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் வீடுகளில் புழங்கும் சொற்கள் எத்தனை! ஏக்கம், வீம்பு, ரோஷம், கூச்சம், கடுப்பு, தவிப்பு. தம்பிப் பாப்பா பிறந்த வீட்டில் அக்காவுக்கு இருப்பது பெரும்பாலும் சோகம் இல்லை, ஏக்கம். பசித்தும் தட்டைத் தள்ளிவிடுவது கோபம் மட்டும் இல்லை, வீம்பு. வாரத்துக்கு ஒரு சொல், அதுவும் கதையில் வந்த இடத்தோடு சேர்த்து, கரும்பலகை ஓரத்தில் இருக்கட்டும்.

அடுத்து கை வேலை. “கோபத்தை வரை” என்றால் ஆறு வயசுப் பிள்ளை திகைத்து நிற்கும், அல்லது வாய் கோணிய முகம் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடும். புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேளுங்கள்: “அவ கதவைச் சாத்திக்கிட்டாளே, அந்த அறைக்குள்ள என்னென்ன இருந்திருக்கும்?” தாள் ஏ4-இல் பாதி போதும், பெரிய சார்ட்டை நிரப்புவதற்குள் கை ஓய்ந்துவிடும். வழவழப்பான சார்ட்டில் மலிவு மெழுகு கிரையான் வழுக்கும். பழுப்புத் தாளின் சொரசொரப்புப் பக்கம் நன்றாகப் பிடிக்கும். தாள் ஆளுக்கொன்று, கிரையான் நாலு பேருக்கு எட்டு. கேட்டு வாங்குவதும் காத்திருப்பதும் பாடத்தில் சேர்த்திதான். கறுப்பில் வரைந்த பிள்ளைக்கு மனசில் ஏதோ பாரம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெட்டியில் கறுப்பு மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.

பென்சில் பிடிக்கத் தயங்கும் பிள்ளைக்குக் களிமண். முந்தின நாளே கல், வேர் பொறுக்கி, நீர் தெளித்து, ஈரச் சாக்கில் மூடிவையுங்கள். ஆளுக்குப் பெரிய எலுமிச்சை அளவு. விரலில் ஒட்டினால் ஈரம் அதிகம், உருட்டும்போது வெடித்தால் குறைவு. முதல் ஐந்து நிமிஷம் உருவம் எதுவும் கேட்காமல் அடித்துப் பிசையவிடுங்கள்.

முடிந்ததும் “சூப்பர்” வேண்டாம், “என்னது இது?” அதைவிட வேண்டாம். “இதைப் பத்திச் சொல்லேன்” போதும். மாட்டினால் எல்லாப் படத்தையும் மாட்டுங்கள், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். பரிசு என்று ஒன்று வந்துவிட்டால், அடுத்த வாரம் வகுப்பு முழுக்க மலையும் சூரியனும் தென்னைமரமும்தான்.

சில நாள் படத்தைக் காட்டிப் பிள்ளை வேறொன்றைச் சொல்லும்: வீட்டில் அடி, யாரோ தொட்டது. அப்போது முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் முழுக்கக் கேளுங்கள். குறுக்குக் கேள்வி வேண்டாம். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியமும் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. “நீ சொன்னது நல்லது, உதவி செய்றவங்ககிட்ட நான் சொல்லுவேன்” என்று சொல்லுங்கள். அழைக்க வேண்டிய குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தாலே காவல்துறைக்குத் தெரிவிப்பது பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி கட்டாயம். பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே அன்றே எழுதிவையுங்கள். அந்தப் படத்தில் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள், சுவருக்குப் போக வேண்டாம்.