நாலு நாள் காய்ச்சல்

போன வருஷம் ஜூன் மாதம். தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் எங்கள் இலங்கை மலையகத்துப் பக்கம் மலை எது, முகில் எது என்று தெரியாது. அந்த மழையில் என்னுடைய நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை தொடர்ந்து நாலு நாள் வரவில்லை. ஐந்தாவது நாள் வந்து கடிதத்தை நீட்டினாள். "எனது மகளுக்குக் கடும் காய்ச்சல் காரணமாக..." மழைக்காலம்தானே என்று நானும் வரவு இடாப்பில் குறித்துவிட்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

கணித பாடத்தில் அடிமட்டத்தை எடுக்கச் சொன்னபோது அவளுடைய கொம்பாஸ் பெட்டி கீழே விழுந்து திறந்துகொண்டது. பென்சில், அழிறப்பரோடு மூன்று சிப்பிகளும் உருண்டன. பெட்டியின் மூலையில் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது. பிள்ளை அவற்றைப் பொறுக்கவில்லை. கைகள் இரண்டையும் மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மாதான் காய்ச்சல்னு சொல்லச் சொன்னாங்க டீச்சர்."

எனக்கு அன்றைக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை, முதல் தடவையாகக் கடலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தைத் திருட்டுப் பொருள் மாதிரி பெட்டிக்குள் மறைத்து வைத்திருக்கிறாள், அதுவும் எனக்குப் பயந்து.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் ஒரு பெற்றோர் கூட்டத்தில் கேட்ட பேச்சு. "தவணை நடக்கும்போது பிள்ளைகளை டூர் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குப் படிப்பில் அக்கறை கிடையாது" என்று ஒருவர் சொல்ல, மண்டபமே தலையாட்டியது. சில வருஷங்களுக்கு முன்னால் என்றால் நானும் ஆட்டியிருப்பேன். இன்றைக்கு முடியவில்லை.

அந்தப் பிள்ளையின் அப்பா கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். எங்கள் தோட்டங்களில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயம் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வீட்டில் இதுதான் நிலைமை. பாடசாலை லீவு வருவது ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் டிசம்பரிலும். ஏப்ரலில் கடைக்குப் புத்தாண்டு வியாபாரம், டிசம்பரில் நத்தார் வியாபாரம். அந்த நேரத்தில் லீவு கேட்டால் முதலாளி வேலையை விட்டே போகச் சொல்லிவிடுவார். ஆகஸ்டில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தீபாவளிக்கு இரண்டு நாள் வருவார், சாமி கும்பிட்டு, கடனை அடைத்து, பஸ் ஏறுவதற்கே நேரம் சரியாக இருக்கும். ஜூன் மாதம் வியாபாரம் மந்தம் என்று அவருக்கு ஆறு நாள் தந்திருக்கிறார்கள். ஆறு நாளும் லயத்துக் காம்பிராவில் மழையைப் பார்த்துக்கொண்டு இருக்காமல், பெண்சாதி பிள்ளைகளோடு கண்டி போய் அங்கிருந்து திருகோணமலை பஸ் பிடித்திருக்கிறார். அம்மாவுக்கு நாலு பேர், அதாவது நாலு நாள் வேலை, போச்சு. அன்றைய நாட்சம்பளம் 1,350 ரூபாய், கணக்குப் போட்டால் 5,400. அதையும் விட்டுக்கொடுத்துத்தான் போயிருக்கிறார்கள். அக்கறை இல்லாதவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள்.

அவர்கள் போன நேரமும் சரியான நேரம். கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது சித்திரைக்குப் பிறகு செப்டெம்பர் வரைதான். டிசம்பர் லீவில் போனால் வடகீழ் பருவமழை, அலை கொந்தளிக்கும், பிள்ளையைத் தண்ணீரில் இறக்க முடியாது. எங்கள் பக்கம் மழை கொட்டும்போது அந்தப் பக்கம் வெயில். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பருவக்காற்றைச் சொல்லிக் கொடுக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அவள் அதை ஒரே பஸ் பயணத்தில் உடம்பால் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். "ஹபரணை தாண்டினோன ஸ்வெட்டரக் கழட்டிட்டேன் டீச்சர்" என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் தமிழ் பாடத்தை நிறுத்திவிட்டு அவளை முன்னால் கூப்பிட்டேன். பேசு என்றேன். முதலில் வாயே திறக்கவில்லை. அப்புறம் கோட்டை வாசலில் மான் வந்து தம்பி கையிலிருந்த வாழைப்பழத்தை இழுத்ததைச் சொன்னாள். கோணேசர் கோயிலில் இருந்து கீழே எட்டிப் பார்த்தால் கடல் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று சொன்னாள். கன்னியாவில் ஏழு கிணறு இருக்கிறதாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடாம், அப்பா வாளியால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றினாராம். "கடல் தண்ணி நிக்கவே மாட்டேங்குது டீச்சர். ராத்திரிக்கும் நிக்கல."

என் வகுப்பில் 27 பிள்ளைகள். கடல் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். ஒன்பது கைதான் எழுந்தது.

நாங்கள் இருப்பது உலகமே பார்க்க வருகிற இடத்தில். பதுளை போகிற ரயில் வாசல்களில் தொங்கிக்கொண்டு போகும் வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகள் கை காட்டுகிறார்கள். அதில் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், எந்த ஊர்த் தவணையை விட்டு வந்தார்கள் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. ஏப்ரலில் நுவரெலியா சீசன் என்று கொழும்பே மேலே ஏறிவிடும், எங்கள் ஆட்களுக்கு பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. ஊரெல்லாம் வந்து பார்க்கிற மலையில் பிறந்த பிள்ளை, மலையை விட்டு இறங்கி இன்னொரு ஊரைப் பார்ப்பதற்குக் காய்ச்சல் என்று பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. இது என் மனதை அறுக்கிறது.

எங்களுக்கு, அதாவது ஆசிரியர்களுக்கு, வருஷத்துக்கு 41 நாள் லீவு உண்டு. தங்கச்சி கல்யாணத்துக்குப் போகிறேன், கதிர்காமம் போகிறேன் என்று நாங்கள் விண்ணப்பம் எழுதி, அதிபர் கையெழுத்துப் போட்டு, தலை நிமிர்ந்து போய்வருகிறோம். பிள்ளைக்கு நோயைத் தவிர வேறு காரணமே கிடையாது. பாடசாலையே சுற்றுலா கொண்டுபோனால் அதற்குப் பெயர் கல்விச் சுற்றுலா. சிகிரியாவும் தெஹிவளை மிருகக்காட்சிசாலையும் காட்டுகிறோம், நல்ல விஷயம்தான். ஆனால் காசு கட்ட முடியாத பிள்ளைகள் அன்றைக்கு வீட்டில் இருக்கிறார்கள், அதை நாங்கள் பெரிதாக நினைப்பதில்லை. தகப்பன் கூட்டிப்போனால் மட்டும் குழப்படியா?

நாட்கணக்குப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் கொவிட் என்று மூடினோம். 2021 ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை சம்பள முரண்பாட்டுக்காக நாங்களே ஒன்லைன் கற்பித்தலில் இருந்து விலகி நின்றோம். அந்தப் போராட்டம் நியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். 2022-இல் டீசல் இல்லாமல் பாடசாலை நின்றது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் மலை சரிந்து ஊரே துக்கத்தில் கிடந்தது. இத்தனை நாளும் பிள்ளைகளின் கையை விட்டுப் போன நாட்கள். ஒன்றுக்கும் பெற்றோர் பொறுப்பில்லை. அவர்கள் தாங்களாகத் தேர்ந்தெடுத்து எடுக்கும் நாலு நாளுக்கு மட்டும் நாங்கள் இவ்வளவு ஆத்திரப்படுவது சரியாகப் படவில்லை.

உண்மையில் படிப்பைத் தின்கிற நாட்கள் வேறு. இடாப்பைத் திறந்தால் தெரியும். தம்பிக்குச் சுகமில்லை, தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் அவனை விட முடியாது, அக்காக்காரி வீட்டில் நிற்கிறாள். சப்பாத்து காயவில்லை. சம்பளத்துக்கு மறுநாள் அம்மாவோடு டவுனுக்குப் போயாச்சு. வெள்ளிக்கிழமைதானே, விடு. மாதத்துக்கு மூன்று, நாலு என்று இப்படிப் போய், வருஷ முடிவில் முப்பது நாளைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு தரம் ஒன்பது, பத்தில் பையன் மரக்கறித் தோட்டத்துக்கோ கொழும்புக் கடைக்கோ போய்விடுகிறான். 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று சட்டம் இருக்கிறது, அவனுடைய கதிரை காலியாக இருக்கிறது. இந்த நாட்களைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

என்னோடு பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி இப்போது லண்டனில் இருக்கிறாள். அங்கே அனுமதியில்லாமல் தவணைக்குள் கூட்டிப்போனால் அபராதம். 2024 ஆகஸ்டிலிருந்து ஒரு பிள்ளைக்குத் தாய், தகப்பன் ஆளுக்கு 80 பவுண், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. ஜோன் பிளாட் என்று ஒரு தகப்பன், மகளைத் தவணைக்குள் அமெரிக்காவில் டிஸ்னி வேர்ல்ட் கூட்டிப்போய், அபராதம் கட்ட மாட்டேன் என்று நின்றார், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 ஏப்ரலில் அவருக்கு எதிராகத்தான் தீர்ப்பு வந்தது. லீவுக் காலத்தில் டிக்கெட் விலை ஏறுகிறது என்பதுதான் அங்கே பலருடைய குறை. எங்கள் ஆட்களுக்கு விலை இரண்டாவது பிரச்சினை. குடும்பம் ஒன்றாக இருக்கும் நாளே முதல் பிரச்சினை.

அதை நான் தெரிந்துகொண்டது ஒரு பையனிடம். இதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை.

2019-இல் தரம் ஆறில் கணிதம் எடுத்தேன். ஒரு பையனின் அம்மா குவைத்தில் வீட்டு வேலை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகி, ஒன்றரை மாத லீவில் வந்திருந்தார். மகனை வகுப்பில் விட்டுவிட்டு வாசலிலேயே நின்றார். "டீச்சர், தம்பிய ஒரு அஞ்சு நாள் விடுங்க. கிளிநொச்சியில எங்க அக்கா இருக்காங்க, எழுபத்தேழு கலவரத்துல போனவங்க. அம்மாவும் அவங்ககூடத்தான் இருக்கு. பேரன இன்னும் பாத்ததே இல்ல." தவணைப் பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. முடியாது என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன், படிப்பு முக்கியம் இல்லையா என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் என்னை எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க டீச்சர்" என்று போய்விட்டார். கிளிநொச்சிக்குத் தனியாகப் போய்வந்தார்.

அவர் திரும்பிப் போன நாள் ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் வேன் வரும் என்று பையனுக்குத் தெரியும். என் வகுப்பில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பின்னக் கணக்குச் செய்துகொண்டிருந்தான். கீழே ரோட்டில் ஹோர்ன் சத்தம் கேட்கும்போதெல்லாம் பென்சில் நின்றுவிடும். பரீட்சையில் அவன் எடுத்த புள்ளி இன்றைக்கு எனக்கு ஞாபகம் இல்லை, அவனுக்கும் இருக்காது. அந்தப் பென்சில் நின்றது ஞாபகம் இருக்கிறது. பாட்டி அடுத்த வருஷம் தவறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த ஐந்து நாளை நான் எந்தக் கணக்கில் திருப்பிக் கொடுப்பது?

எனக்கு மறுபக்கமும் தெரியும். வெளியிலிருந்து பேசவில்லை, நானும் லயத்தில் வளர்ந்தவள்தான். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945-இல் வந்தபோது தோட்டத்துப் பாடசாலைகள் அதற்குள் வரவில்லை. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்க எழுபதுகள் ஆயிற்று. என் அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். மலையகத்தில் ஒரு ஆசிரியர் "ஒரு நாள்கூட விடாதே" என்று சத்தம் போடுகிறார் என்றால், பிந்திக் கிடைத்த படிப்பு கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் அதற்குள் இருக்கிறது. என்னை அதட்டி வகுப்பில் உட்கார வைத்தவர்களால்தான் நான் ஆசிரியரானேன். அதனால் எல்லாரும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நான் சொல்லவில்லை.

புலமைப்பரிசில் எழுதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் பரீட்சைக்கு முந்தைய மாதங்களில் அசைக்காதீர்கள். உயர்தரத்தில் 80 வீத வரவு வேண்டும், அதில் விளையாட வேண்டாம். ஒன்றாம் வகுப்பின் முதல் மாதங்களில் பிள்ளை அப்போதுதான் வகுப்புக்குப் பழகுகிறது, அதைக் கலைக்கக் கூடாது. ஏற்கெனவே முப்பது நாள் வராத பிள்ளை என்றால் நானே மாட்டேன் என்பேன், இடாப்பைத் திறந்து காட்டியே சொல்வேன். கதிர்காமம் என்று புறப்பட்டு, வழியில் மூன்று சொந்தக்காரர் வீடு, வந்ததும் தோட்டத்துத் திருவிழா என்று மூன்று கிழமையை இழுப்பதையும் நான் ஏற்க மாட்டேன். சொந்தக் காரும், சொந்த இஷ்டத்துக்கு எடுக்கும் லீவும் உள்ளவர்கள் டிசம்பர் வரை பொறுக்கலாம். அவர்களுக்காக நான் வாதாடவில்லை.

அப்பா வெளியூரில், அம்மா வெளிநாட்டில் என்று இருக்கும் வீட்டுக்கு, வருஷத்தில் ஒரு தடவை ஐந்து நாள். இதை வெளிப்படையாகக் கேட்கவும், வெளிப்படையாகக் கொடுக்கவும் ஒரு வழி வேண்டும். பொய்க் கடிதத்தால் யாருக்கு லாபம்? பிள்ளை என்ன பாடத்தை விட்டது என்று எனக்குத் தெரியாமல் போகிறது, பிள்ளைக்கும் பார்த்ததைச் சொல்ல வழியில்லாமல் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியரிடம் பொய் சொல்லலாம் என்று தாயே மகளுக்குப் பழக்குகிறாள். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே ஒரு கஷ்டம் வந்தால் என்னிடம் வந்து சொல்லுமா?

அதனால் இந்த வருஷம் முதல் தவணையிலேயே என் வகுப்புப் பெற்றோரிடம் சொல்லிவிட்டேன். போவதென்றால் ஒரு கிழமைக்கு முன்னால் உண்மையை எழுதிக் கொடுங்கள். விடுபடும் பாடத்தை நான் முன்கூட்டியே கொப்பியில் குறித்துத் தருகிறேன், வந்த பிறகு மணி அடித்ததும் அரை மணித்தியாலம் கூட நின்று முடித்துத் தருகிறேன். அதிபரிடமும் பேசினேன். ஒருவர் போனால் எல்லாரும் போவார்கள், வலயக் கல்வி அலுவலகத்தில் வரவு வீதம் கேட்பார்கள் என்று தயங்கினார். அவருடைய கஷ்டம் அவருக்கு. கடைசியில் "எழுத்தில் இருந்தால் பார்ப்போம்" என்றார். எல்லாரும் போகவில்லை. இது வரை இரண்டு பேர்தான் கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது கடிதம் நேற்று வந்தது. கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து, அம்மா சொல்ல அக்கா எழுதியது போலிருந்தது.

"டீச்சருக்கு வணக்கம். மகனின் அப்பா 12 ஆம் திகதி கொழும்பில் இருந்து வருகிறார். ஐந்து நாள் மட்டக்களப்புக்குப் போய்வர இருக்கிறோம். மகனுக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை கட்டாயம் அனுப்பி வைப்பேன்."

கீழே அம்மாவின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதியிருந்தார். கடிதத்தை இடாப்புக்குள் வைத்துவிட்டு, அந்த ஐந்து நாளில் என்னென்ன பாடம் வருகிறது என்று பையனின் கொப்பியில் எழுத உட்கார்ந்தேன்.