பாவத்துக்கு வரி சரி, அந்தப் பணம் எங்கே போகிறது?

ஒரு வாரமாக எங்கள் ஸ்கூல் பசங்க வாட்ஸாப் குரூப்பில் சண்டை. அமெரிக்காவில் ஸ்ட்ரிப் கிளப் மாதிரி தொழில்களுக்குத் தனியாக வரி போடுகிறார்களே, அது நியாயமா இல்லையா என்று. ஆரம்பித்து வைத்தவன் ஹூஸ்டனில் இருக்கிறான். மற்றவர்கள் எல்லாம் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி. நமக்கு எதுக்குடா டெக்சாஸ் வரி என்று ஒருத்தன் கேட்டான். எனக்கு என்னவோ அது நம்ம ஏரியா கதையாகவே தெரிகிறது, அதனால் அங்கே அடித்ததை இங்கேயும் கொஞ்சம் விரித்துப் போடுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் 2007-ல் சட்டம் கொண்டு வந்தார்கள். நிர்வாண நடனமும் சரக்கும் ஒரே இடத்தில் இருந்தால், உள்ளே வரும் ஒவ்வொரு ஆளுக்கும் கிளப்காரர் அரசுக்கு 5 டாலர் கட்ட வேண்டும் என்றார்கள். அதில் முதல் பங்கு பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் திட்டங்களுக்கு. கிளப்காரர்கள் விடுவார்களா? நடனம் கருத்துச் சுதந்திரத்தில் சேர்ந்தது, அதற்கு எப்படி வரி போடலாம் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், ஆடுவதற்கு வரி இல்லை, ஆடுகிற இடத்தில் மது ஊற்றுவதற்குத்தான், வேண்டாமென்றால் பாட்டிலை எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டது. அப்புறம் நடந்ததுதான் காமெடி. சில கிளப்களில் ஆடும் பெண்களின் உடம்பில் ரப்பர் பூச்சைப் பூசிவிட்டு, இதோ உடை, இப்போது நிர்வாணம் இல்லை, வரியும் இல்லை என்றார்கள். பூச்செல்லாம் உடை ஆகாது என்று வரித்துறை 2017-ல் விதி எழுதியது. அந்த வழக்கு 2021 வரை இழுத்து கடைசியில் கிளப்காரர்கள் பக்கம் தீர்ப்பு.

நியூயார்க்கில் இன்னொரு கூத்து. அங்கே நாடகம், இசை, நடன நிகழ்ச்சிகளுக்கு விற்பனை வரி விலக்கு உண்டு. கம்பத்தைப் பிடித்து ஆடுவதும் நடனம்தானே என்று ஒரு கிளப் கேட்டது. 2012-ல் ஏழு நீதிபதிகளில் நாலு பேர், இது அந்தக் கணக்கில் வராது, வரி கட்டு என்றார்கள். மற்ற மூன்று பேர், உயர்ந்த நடனம் எது தாழ்ந்த நடனம் எது என்று பிரிப்பது வரி அதிகாரியின் வேலை இல்லை என்றார்கள். நான் அந்த மூன்று பேர் கட்சி. சதிரை ஒரு தலைமுறை ஆபாசம் என்று சொல்லி விரட்டியது, அதே ஆட்டத்தைப் பரதநாட்டியம் என்று பெயர் மாற்றி சபா மேடையில் ஏற்றி அடுத்த தலைமுறை கை தட்டியது, இதெல்லாம் நடந்த ஊரில் இருந்துகொண்டு வேறு எப்படி யோசிப்பது?

அமெரிக்காவைப் பார்த்துச் சிரிக்கிறோமே, நாம் மட்டும் என்ன செய்தோம்? 2006-ல் தமிழில் பெயர் வைத்தால் படத்துக்குக் கேளிக்கை வரி கிடையாது என்றார் கலைஞர். 2011-ல் ஜெயலலிதா அரசு, பெயர் மட்டும் போதாது, யு சர்டிபிகேட் வேண்டும், வன்முறையும் ஆபாசமும் அதிகம் இருக்கக் கூடாது, தமிழ்ப் பண்பாட்டை வளர்க்க வேண்டும் என்று சேர்த்தது. இதைப் பார்த்துச் சொல்ல ஒரு குழு. தயாரிப்பாளர்கள் யு வாங்குவதற்காகவே படத்தை வெட்டினார்கள். டிக்கெட் விலை குறைந்ததா என்றால், வரி விலக்குப் படத்துக்கு கவுண்டரில் நான் குறைத்துக் கொடுத்ததாக ஞாபகமே இல்லை. பண்பாடு வளர்ந்ததா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் ஒரு தியேட்டர் இருந்தது, இப்போது இல்லை. பகல் காட்சியில் பிட்டு, அதாவது நடுவில் சொருகிய ஆபாசத் துண்டு, ஓடும். போஸ்டரில் அந்தப் பொம்பளை மேல் பாதிக்குத் தார் பூசியிருப்பார்கள், தார் பூசிய இடம்தான் எல்லார் கண்ணிலும் முதலில் படும். கவுண்டர் ஓட்டையில் கையை விட்டால் மெல்லிசாக ஒரு காகிதம் வரும், அதில் கட்டணம் இவ்வளவு, கேளிக்கை வரி இவ்வளவு என்று தனித்தனியாக அச்சடித்திருக்கும். ஆடி மாதம் அதே தியேட்டரில் அம்மன் படம் ஓடும்போதும் அதே காகிதம், அதே வரி. சென்சார் பார்க்காத பிட்டுக்கும் கவர்மெண்ட் பங்கு சரியாகப் போய்க்கொண்டிருந்தது. உபதேசம் செய்யாமல் எல்லாரிடமும் ஒரே மாதிரி வாங்கினார்கள், எனக்கு அதில் ஒரு நேர்மை இருந்ததாகத்தான் படுகிறது.

இப்போதைய கூத்தைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டியில் 40 சதவீத அடுக்கு. சூதாட்ட விடுதி, குதிரைப் பந்தயம், அதோடு ஐபிஎல் டிக்கெட். சேப்பாக்கத்தில் மஞ்சள் பனியன் போட்டு விசில் அடிக்கிற குடும்பமும் கோவாவில் சூதாடுகிறவரும் அரசுக் கணக்கில் ஒரே பெஞ்ச். பாவம் எது என்று முடிவு செய்ய இவர்களிடம் என்ன அளவுகோல் இருக்கிறது, காசு எங்கே புழங்குகிறது என்பதைத் தவிர?

எனக்கு உண்மையான பயம் இங்கேதான். கெட்டது என்று சொல்லி ஒரு தொழிலுக்கு வரி போட்டால், கொஞ்ச நாளில் அந்த வருமானம் இல்லாமல் அரசுக்கே ஓடாது. ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டு வந்தார். கள்ளுக்கடை வருமானம் போயிற்று, அதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார்கள். கேளிக்கை வரிச் சட்டமும் அதே வருஷம்தான். அப்புறம் 1971-ல் கடையைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள், 2003-லிருந்து டாஸ்மாக்கே சில்லறைக் கடை நடத்துகிறது. வரி மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு அப்படியே நிற்கிறது. 2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,000 கோடிக்கு மேல். எந்தக் கட்சி வந்தாலும் இந்தத் தொகையை விட்டுவிட்டு பட்ஜெட் போட்டுக் காட்டட்டும் பார்ப்போம்.

எங்கள் தெரு முனையில் மீன் விற்கிற அக்காவிடம் இதைச் சொன்னேன். காசிமேட்டில் விடிகாலை ஏலம் எடுத்து வந்து அருவாமனை போட்டு உட்காருபவர். சங்கராவுக்குச் செதில் சீவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "எங்க வூட்டுக்காரரு மாசம் ஆறாயிரத்துக்குக் குடிக்கிறாரு. கவர்மெண்டு எனக்கு மாசம் ஆயிரம் போடுது. மிச்சம் அஞ்சாயிரம் எங்க தம்பி?" பதில் சொல்லத் தெரியாமல் மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்காகத் தடை போடு என்று கிளம்புகிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. மகாராஷ்டிராவில் 2005-ல் டான்ஸ் பாரைத் தடை செய்தார்கள், ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை போய் நின்றார்கள், 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. இடைப்பட்ட வருஷங்களில் அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று எந்த அமைச்சர் போய்ப் பார்த்தார்? பர்மா பஜாரில் சிடி காலத்தில் காதோடு காதாக "சார், படம் வேணுமா" என்று கேட்டதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், தடை செய்த சரக்கு எங்கேயும் போவதில்லை, வரி மட்டும்தான் வராமல் போகும்.

ஆக, வரி போடட்டும். ஆனால் யார் தலையில் என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியில் பான் நகரத்தில் 2011-ல் தெருவில் நிற்கும் பாலியல் தொழிலாளிகளுக்காகப் பார்க்கிங் மெஷின் மாதிரி ஒன்றை நிறுத்தினார்கள். ராத்திரிக்கு 6 யூரோ போட்டு ரசீது எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். அன்றைக்கு ஒரு ஆள்கூட வராவிட்டாலும் 6 யூரோ போனது போனதுதான். இது அசிங்கம். டெக்சாஸிலும் காசு கிளப்பிடம் வாங்கப்படுகிறது என்று பேர், அங்கே ஆடுகிற பெண்கள் பல இடங்களில் சம்பள ஆட்கள் கிடையாது, மேடை ஏறுவதற்கு அவர்களே கிளப்புக்குக் காசு கட்டி டிப்ஸில் பிழைப்பவர்கள், அந்தக் காசு கடைசியில் யாரிடமிருந்து உருவப்படும் என்று சொல்ல வேண்டுமா? அதே அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் இப்படிப்பட்ட தொழில்களுக்கு 10 சதவீதம் போட்டு, அந்தப் பணத்தில் பாலியல் குற்றவாளிகளுக்குச் சிகிச்சை கொடுக்கிறார்கள். கிளப்புக்குப் போகிறவன் எல்லாம் நாளைய குற்றவாளி என்று யார் நிரூபித்தது?

இருந்தாலும் ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிடத் தேவலாம். இந்தப் பணம் இந்த வேலைக்கு என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே எல்லாம் பொதுக் கணக்கில் விழுந்து கரைந்துவிடுகிறது. ராயபுரத்திலும் புளியந்தோப்பிலும் குடித்த காசு எங்கே போனது என்று எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது, ஈரல் கெட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரி வராண்டாவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவன் எந்த ஏரியா என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அதனால் குரூப்பில் நான் வைத்த கோரிக்கை இதுதான்: சரக்கோ சூதோ ஆபாசமோ, எதற்கு வரி வாங்கினாலும், வாங்கிய இடத்திலேயே போர்டு வைக்கணும். இந்த மாதம் இந்தக் கடையில் வரி இவ்வளவு, அதில் இந்த வார்டுக்குத் திரும்பி வந்தது இவ்வளவு, குடியை விடுவிக்கும் மையத்தில் எத்தனை படுக்கை, எத்தனை நர்ஸ்.

ஹூஸ்டன்காரன் உடனே தம்ஸ் அப் போட்டான். கொருக்குப்பேட்டைக்காரன் போட்ட பதில் மட்டும் வேறு: "டேய், அந்தக் கணக்கைப் பார்த்தா நம்ம வார்டுக்கு ஏர்போர்ட்டே கட்டியிருக்கணும்டா."