தொழுவமும் இயற்பியலும்
அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலுள்ள பட்னி தனியார் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்கள் பால் கறப்பதும் தொழுவம் கழுவுவதும் அறிவியல் படிக்கும் நேரத்தைத் தின்றுவிடும் என்று அப்பள்ளியைப் பற்றிய கட்டுரையொன்றில் அதன் ஆசிரியர் கருதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. 1935இல் கார்மெலிட்டா ஹின்டன் தொடங்கிய அப்பள்ளியில் பண்ணை வேலை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு அன்று, கல்வியின் ஒரு பகுதி. அவருடைய மகள் ஜோன் ஹின்டனே அங்கே படித்தவர். பின்னர் இயற்பியலாளராகி, அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றி, அக்குண்டு ஹிரோஷிமாவில் செய்த அழிவால் மனம் வெறுத்து, 1948இல் சீனாவுக்குச் சென்று, பல பத்தாண்டுகள் கறவை மாடுகளோடும் பண்ணை இயந்திரங்களோடும் உழைத்தார். தொழுவம் அவருடைய இயற்பியலைக் கெடுத்ததாகத் தெரியவில்லை. இயற்பியல் ஆசிரியனாக நான் ஆண்டுதோறும் காண்பது இதற்கு நேர்மாறானது: பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு வரும் மாணவர்களில் பலர் நுண்ணிய தடிமனை அளக்கும் திருகு அளவியைக் கையில் எடுக்கவே தயங்குகிறார்கள், ரெக்கார்டு நோட்டில் உள்ள அளவீடுகளோ முந்தைய ஆண்டு மாணவரின் நோட்டைப் பார்த்து எழுதியவை, பிழை எங்கே நுழைந்தது என்று கேட்டால் விடை இல்லை. கன்று பால் குடிக்க மறுக்கும் காலையில் அப்படிப் பார்த்து எழுதி ஒப்பேற்ற முடியாது, காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். இத்தகைய பள்ளிகளின் கட்டணம் மிக அதிகம் என்று அக்கட்டுரைக்கு ஒரு வாசகர் கருத்து எழுதியிருப்பது நியாயமானதே. எனினும் அது கட்டணத்தின் குறை, செய்முறைக் கல்வியின் குறை அன்று. நாற்பது பேருக்கு ஐந்தே அளவிகள் இருந்தாலும் முறைவைத்து ஒவ்வொருவரையும் அளக்கச் செய்யலாம். இவ்வாண்டு என் வகுப்பில் அதைத்தான் செய்து வருகிறேன்.