தூசிக்குக் கணக்கு உண்டு, கரிக்கு இல்லை

அம்மாவின் இருமலுக்காக மூன்று வருடம் அலைந்தோம். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, காசநோய் இல்லை என்று ஒரு சீட்டு, திரும்பவும் அதே சிரப். நான்காவதாகப் பார்த்த மருத்துவர்தான் ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளந்தார். "பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார். அம்மாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அதெல்லாம் இல்லீங்க." "சரி, வீட்ல என்ன அடுப்பு?"

அந்தக் கேள்விக்கு வந்து சேரத்தான் மூன்று வருடம் ஆனது. சிஓபிடி என்றார்கள், அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போயிருந்தன.

எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். கல்யாணமாகி வந்த நாள் முதல் அம்மாவுக்குச் சீமைக்கருவேல விறகும் சவுக்கு மிலாறும்தான். ஐப்பசி மழையில் ஈர விறகு லேசில் பற்றாது. ஊதுகுழலை வாயில் வைத்துக் குனிந்து ஊதிக்கொண்டே இருப்பார், கண்ணில் நீர் வழியும். ஓட்டின் உட்புறமும் பரணும் தார் பூசியதுபோல் கறுத்திருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சமையல்கட்டுச் சுவருக்கு மட்டும் மூன்று கை சுண்ணாம்பு போடுவோம். தை முடிவதற்குள் கறுப்பு மேலே வந்துவிடும். அந்தக் கரியில் ஒரு பங்கு தினமும் அம்மாவின் நெஞ்சுக்குள் போகிறது என்று வீட்டில் யாரும் நினைத்ததில்லை. நானும்தான்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். செய்தியில் பிஎம் 2.5 என்கிறார்களே, அது ஒரு பொருளின் பெயர் இல்லை, வெறும் அளவு. காற்றில் மிதக்கும் துகள்களில் 2.5 மைக்ரானுக்குள் அடங்கும் எல்லாமே அதில் சேரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மண் தூசி, கடல் உப்பு, சல்பேட், கரி எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டு எடை பார்க்கிறோம். அதில் கரி சார்ந்தவை இரண்டு வகை. ஒன்று, போதிய காற்றில்லாமல் எரியும் நெருப்பிலிருந்து வரும் புகைக்கரி. விறகடுப்பு, டீசல் எஞ்சின், மண்ணெண்ணெய் விளக்கு இவற்றிலிருந்து வருவது. கண்ணாடி இல்லாத திரிவிளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் வரை கரியாகவே போகிறது என்று அளந்திருக்கிறார்கள். பத்தாவது வரை நான் படித்தது அந்த விளக்கில்தான். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

இன்னொன்று கறுப்பாகத் தெரியாத கரிமத் துகள்கள். பொரிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை, ஊதுபத்தி, கொசுவத்தி எல்லாம் இந்த வகை. வண்டிகள் விடும் ஆவிகள் வெயிலில் மாறித் துகளாவதும் உண்டு. ஒரு கொசுவத்திச் சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. நாம் கதவைச் சாத்திக் கட்டிலுக்கடியில் அதை வைத்துவிட்டு, மேலே கைக்குழந்தையைப் படுக்க வைக்கிறோம். குளிப்பாட்டிய குழந்தையின் தலைக்குச் சாம்பிராணி காட்டுவதும் இதோடு சேர்ந்ததுதான். என் மகளுக்கு நாங்களும் ஆசையாகக் காட்டினோம். இப்போதென்றால் செய்யமாட்டேன்.

இப்போது நான் இருப்பது சென்னையில், பெரிய சாலையை ஒட்டிய மூன்றாவது மாடியில். இங்கே விறகு கிடையாது. ஆனாலும் ஜன்னல் கம்பியை வெள்ளைத் துணியால் துடைத்தால் மண் நிறத்தோடு கறுப்பும் சேர்ந்து வருகிறது. லாரி, பஸ், கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டர். கரித்துகள் மிகச் சிறியது என்பதால் சீக்கிரம் கீழே படியாது, சாத்திய ஜன்னலின் சந்து வழியாகவும் உள்ளே வந்துவிடும். ஊரில் இதுவே தலைகீழ். ஒவ்வொரு அடுப்பின் புகையும் கூரை இடுக்கு வழியே வெளியேறித் தெருக்காற்றில் கலக்கிறது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஊர்மேல் நீலமாகப் படுத்திருக்குமே, அதுதான். கேஸ் வைத்திருக்கும் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு விறகுப் புகை வந்து சேரும்.

என் கோபம் இங்கேதான். 2009-ல் வந்த நம் தேசியக் காற்றுத் தர வரையறையில் 12 மாசுகள் இருக்கின்றன. ஈயம் இருக்கிறது, அம்மோனியா இருக்கிறது, நிக்கல் இருக்கிறது. புகைக்கரிக்கென்று தனி வரம்பு இல்லை. பிஎம் 2.5-க்கு ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாமாம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 5. அந்த 40-ம் வெளிக்காற்றுக்குத்தான், சமையல்கட்டுக்கு இல்லை. 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் செலவான பணத்தில் 64 சதவீதம் சாலைத் தூசிக்கே போனது என்று டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-ல் கணக்குக் காட்டியது. தூசியும் கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் எடையை மட்டும் பார்த்தால் தூசிதான் முன்னால் நிற்கும், எடை குறைந்த கரி பின்னால் ஒளிந்துகொள்ளும். லண்டனில் புகைக்கூண்டு சுத்தம் செய்தவர்களுக்கு வந்த புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று ஆங்கிலேய அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதியது 1775-ல். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக அறிவித்தது 2012-ல். இதற்கு மேலும் கரியைத் தனியாக அளக்க என்ன தடை?

விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும் நடந்த ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். விறகை விட்டு கேஸுக்கு மாறினால் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் என்ன பயன் என்று பார்த்த ஆய்வு அது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு இங்கே செய்தது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் சேர்த்து மொத்தம் சுமார் 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். விறகு போன்றவற்றில் சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் 70 மைக்ரோகிராம் அளவில் இருந்தது, கேஸுக்கு மாறியவர்களுக்கு 24. ஆனால் 2022-ல் வந்த முடிவில் குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இதை வைத்து கேஸால் என்ன பயன் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தப் பெண்களுக்கு அடுப்பு கிடைத்தது கர்ப்பமான பிறகு. அதற்கு முன் சின்ன வயதிலிருந்து இழுத்த புகை இருக்கிறதே? அப்புறம், 24 என்பதும் உலகச் சுகாதார நிறுவனம் சொன்ன 5-க்குக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அந்த மிச்சத்தை வீட்டுக்குள் அடுப்பை மாற்றி மட்டும் குறைக்க முடியாது. வெளியே லாரிப் புகையும் குப்பை எரிப்பும் குறைய வேண்டும்.

காற்றை அளக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் கரியை அளக்கும் கருவி வேண்டும். இருமல் என்று வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் முதல் நாளே என்ன அடுப்பு என்று கேட்க வேண்டும். சிலிண்டர் விலை, கூலி வேலை செய்யும் வீடு மாதாமாதம் வாங்கும்படி இருக்க வேண்டும். இந்த மூன்றுக்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். இன்ஹேலர் ஜன்னல் திட்டில் இருந்தது. பின்கட்டில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி மிலாறை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். ஏம்மா என்றேன்.

"சிலிண்டர் தீபாவளி வரைக்கும் வரணுமில்லடா."