விமான நிலையத்தில் காலை உணவாம்!

அதிகாலை விமானம் என்றால் எல்லாமே தாமதமாகும், பசியைத் தவிர. பன்னாட்டுப் பயணமா, தண்ணீர் பாட்டிலை மறந்துவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் 100 மில்லிலிட்டருக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். 2006-இல் லண்டனில் திரவ வெடிமருந்துச் சதி பிடிபட்டதிலிருந்து இந்தக் கெடுபிடி. சரி, பாதுகாப்பு முக்கியம். அதற்காகச் சோதனையைத் தாண்டியதும் அதே தண்ணீருக்குத் தங்கத்தின் விலையா?

கடைகள் வரிசையாக இருக்கும், திறந்திருப்பது ஒன்று. அங்கே கல்லாவில் ஒரே ஆள். நமக்கு முன்னால் நிற்கும் புண்ணியவான் கல்லாவுக்கு வந்த பிறகுதான் மெனுவைப் படிக்கவே தொடங்குவார். இவ்வளவு நேரம் வரிசையில் நின்று தவமா செய்தார்? அப்புறம் எந்தப் பால், எவ்வளவு சர்க்கரை, மூடி வேண்டுமா என்று பேச்சுவார்த்தை.

ஒருவழியாகக் கைக்கு வரும் சாண்ட்விச் ஓரத்தில் நெருப்பு, நடுவில் பனிக்கட்டி. காபி நாக்கைப் பொசுக்கும். ஆறட்டும் என்று காத்திருக்க முடியுமா? புறப்படும் நேரத்துக்கு 15, 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்களே! உட்காரலாம் என்றால் நாற்காலியில் யாருடைய பையோ சொகுசாகச் சாய்ந்திருக்கிறது. அதற்கும் டிக்கெட் எடுத்திருக்கிறார்களா?

முதல் வாய் வைத்ததும் ஒலிபெருக்கியில் கடைசி அழைப்பு. காபியைக் குப்பையில் கொட்டிவிட்டு, மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றால், விமானத்துக்கு ஏற்றிப்போகும் பேருந்து இன்னும் வரவில்லையாம்.