வேலைவாய்ப்பு சதவீதம் மட்டும் போதாது
எத்தனை சதவீதம் பேருக்கு வேலை கிடைத்தது என்பதை வைத்தே துணை மருத்துவப் படிப்புகளை எடைபோடலாம் என்று கட்டுரை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் ரேடியோகிராபி, அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் படிப்பு படித்தவன். எங்கள் கல்லூரியும் அந்தக் கணக்கைப் பெருமையாகக் காட்டியது. படித்ததற்குச் சம்பந்தமில்லாமல் வரவேற்பு மேசை வேலையில் உட்கார்ந்தவர்களும் அதில் சேர்த்தி! கடைசி ஆண்டு வரை சிடி ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்ததுதான் பயிற்சி. நோயாளியை நகர்த்திச் சரியாகப் படுக்க வைக்கவே வேலையில் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். ஆக்குபேஷனல் தெரபிக்கு (அன்றாட வேலைகளைத் தாமே செய்ய நோயாளிகளைப் பழக்கும் சிகிச்சை) அதன் உலகக் கூட்டமைப்பு குறைந்தது 1000 மணி நேரக் களப்பயிற்சி கேட்கிறது. அதுபோல எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையில் என்று கல்லூரியிடம் கேளுங்கள். அப்புறம், பட்டம் வாங்கினால் அந்தத் தொழிலைச் செய்வதற்கான பதிவு தானாக வந்துவிடும் என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்பதைப் பல்கலைக்கழகத்திடம் அல்ல, பதிவு செய்யும் அமைப்பிடமே கேட்டுவிடுங்கள்.