குறைச்சுக் கேட்டா கள்ளியோ?

நுண்கடன் எடுத்த ஒரு தங்கச்சி, வழக்கில்லாமப் பேசித் தீர்க்கிற இணக்கசபையில கடனைப் பற்றிக் கதைச்ச வீடியோ ஒண்டு வந்தது. ரெண்டு நாளா அதுக்குக் கீழ வாற கொமெண்ட்ஸ் எல்லாம் வாசிச்சுப்போட்டுத்தான் எழுதுறன். அந்தத் தங்கச்சி இணக்கசபையில "முதலைக் கட்டுறன், அபராத வட்டியைக் கழிச்சு விடுங்கோ" எண்டு கேட்டது அவ்வளவு பெரிய குற்றமோ? "வாங்கேக்க இனிச்சதோ", "ஏமாத்துக்காரி" எண்டு எழுதினதில அரைவாசிப் பேர் எனக்குத் தெரிஞ்ச ஆக்கள், அதுதான் கூட நோகுது.

கடன் தந்தவனோட பேசி முடிக்கிறது களவு இல்ல. இலங்கையில இணக்கசபை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்தது. அங்க ஒருத்தரும் தீர்ப்புச் சொல்லுறேல்ல, ரெண்டு பக்கமும் சம்மதிச்சாத்தான் முடிவு. குறைச்சுக் கேக்கவே கூடாதெண்டா பிறகு என்னத்தைப் பேச அங்க கூப்பிடுறது?

என்ர கதையையும் சொல்லுறன். 2018 மார்ச்சில கோழி வளக்க ஒரு கொம்பனியிட்ட 50,000 ரூவா குழுக்கடன் எடுத்தனான், கிழமைக்கு 1,200 படி 52 கிழமை. 41 கிழமை ஒண்டும் பிந்தாமக் கட்டினன். டிசம்பர் வெள்ளத்தில, கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின்ர கதவு திறந்த அந்தக் கிழமை, கோழியும் போச்சு கூடும் போச்சு. மிச்சம் 13,200 தான், ஆனா நாலைஞ்சு மாசத்தால அபராதம் அது இது எண்டு கொம்பனிக்காரர் 31,000 எண்டிச்சினம். காசு கட்டினதுக்கு மெசினில அடிச்சுத் தந்த துண்டெல்லாம் எழுத்து மங்கி வெறும் வெள்ளைக் கடதாசி. நல்ல காலம் மகளின்ர பழைய கணக்குக் கொப்பியில திகதி போட்டு எழுதி, காசு வாங்க வாற தம்பியிட்ட ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்கி வச்சிருந்தன். அந்தக் கொப்பியோட போய் மூண்டு தரம் கதைச்சு 13,200ஐ மூண்டு மாசத்தில 4,400 படி கட்டுறதெண்டு முடிச்சன். முதல்ல கடிதம், பிறகுதான் காசு எண்டு நிண்டனான். கட்டி முடிய இனி ஒண்டும் இல்லை எண்டு இன்னொரு கடிதம், சீலோட. வாயால சொன்னதை நம்பிக் காசு குடுத்திடாதேங்கோ பிள்ளையள்.

எல்லாரும் இப்பிடிக் கேட்டா கொம்பனி என்ன செய்யிறது எண்டு கேப்பியள். கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா அந்தத் தங்கச்சி கட்டமாட்டன் எண்டு சொல்லேல்லையே, முதலைக் கட்டுறன் எண்டுதானே சொன்னவ! 2018இல வறட்சி பட்ட 12 மாவட்டத்துப் பெண்களின்ர 1 லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுறம் எண்டு அரசாங்கமே அறிவிச்சது, வட்டிக்கும் 35 வீதம் எண்டு உச்சவரம்பு வச்சது. பிழை முழுக்க எங்கட பக்கமெண்டா அது ஏன் வந்தது? இஞ்ச ட்ரக்ரர் லீசிங் எடுத்த ஆம்பிளை வட்டியைக் குறைச்சு செட்டில் பண்ணினா கெட்டிக்காரன், அதையே ஒரு பொம்பிளை கேட்டா கள்ளி. உங்கட தங்கச்சி எண்டா இப்பிடி எழுதுவியளோ?

ஊரில கடன் வாங்காத ஆள் ஆர்? 2009இல சண்டை முடிஞ்ச பிறகு தறப்பாளுக்குக் கீழ இருந்து எழும்பின சனம் நாங்கள். கையில ஒண்டும் இல்லாத நேரம் ஏ9 ரோட்டு வழிய கொம்பனியள் வந்து வீடு வீடாக் கூப்பிட்டுத் தந்தவை. ஐஞ்சு பேர் ஒருத்தருக்கொருத்தர் கையெழுத்து வைக்கோணும், ஒருத்தி கட்டாட்டி மற்ற நாலு பேரையும் இருட்டும் மட்டும் எழும்ப விடாயினம். நான் கட்டாத கிழமையளில என்னால அப்பிடி இருந்தவை நாலு பேர். ஒராளின்ர கைக்குழந்தை அண்டைக்குப் பசியில கத்தினது இப்பவும் காதுக்க கிடக்கு. கொம்பனிக்காரர் கடிதம் தந்திட்டினம். அவ இண்டைக்கும் சந்தையில என்னைக் கண்டா மற்றப் பக்கத்தால போறா.